கேமராவுக்குக் கட்டின திருஷ்டி பொம்மை

அந்தக் கேமராவுக்கு மொதமொதல்ல பொட்டு வெச்சவளே நான்தான். இப்ப நெனைச்சாலும் என் கையை நானே கடிச்சிக்கலாம் போல இருக்கு.

எங்க ஊரு ஒதியம்பட்டைத் தாண்டி உள்ள போற ரோட்டுல இருக்கு. எங்க வூடு முச்சந்தி முனையில. முன்னால ரோடு, பின்னால கொல்லை, கொல்லைக்கு அப்பால கரும்பு. போன வருஷம் ஊர்ல நிறுத்தின பைக்கெல்லாம் ஒண்ணு ஒண்ணா காணாம போக ஆரம்பிச்சிது. எல்லாருமா திரண்டு போயி, "ஐயா, ஒரு கேமரா வெய்யுங்க"ன்னு போலீஸைக் கேட்டோம். அதுல என் சத்தம்தான் பெரிய சத்தம். என் பேரு ஆதிலட்சுமி. ஆனா ஊர்ல எவனைக் கேட்டாலும் 'ஸ்பீக்கர் வூடு'ன்னுதான் வழி சொல்லுவான். எங்க வூட்ல ஸ்பீக்கர் எதுவும் கிடையாது. நான்தான் கீறேன்.

கம்பத்தை எங்க கொல்லை வேலி ஓரமா, ரோட்டு மூலையில நட்டாங்க. வேலை செய்ய வந்தவங்களுக்கு சொம்பு சொம்பா மோர் குடுத்தேன். புதுசா ஒரு பொருள் வந்து எறங்கினா சும்மா வுட முடியுமா? கம்பத்துக்கு சந்தனம் பூசி, குங்குமம் வெச்சி, எலுமிச்சம்பழம் கோத்துக் கட்டி, கற்பூரம் ஏத்தி, ரோட்டுல ஒரு பூசணிக்காயும் உடைச்சேன். சப்-இன்ஸ்பெக்டர் புகழ்வேந்தன் வந்திருந்தாரு. வேலைக்குப் புதுசு, சின்ன வயசு, பென்சில்ல கோடு இழுத்த மாதிரி ஒரு மீசை. அவரே கற்பூரத்தைத் தொட்டுக் கும்புட்டுட்டு, "உங்களை மாதிரி பொதுமக்கள் ஒத்துழைச்சாப் போதும்மா"ன்னாரு. எனக்குப் பெருமை தாங்கல. எங்க வூட்டுக்காரரு காது புளிக்கற வரைக்கும் அதையே சொல்லிக்கினு இருந்தேன்.

கொஞ்ச நாள் போச்சி. ஏட்டு விஜயராஜ் ஒரு நாள் காலைல எங்க வாசல்ல வண்டியை நிறுத்தினாரு. அவரு எங்களுக்குப் பழக்கமான மனுஷன். மூலக்குளத்துல சொந்தமா வூடு கட்டிக்கினு இருக்காரு, அந்தப் புராணத்தைச் சொல்லாம டீ குடிக்க மாட்டாரு.

"இன்னாக்கா, நேத்து கருவாட்டுக் கொழம்பா?"ன்னாரு.

"ஆமா. வாசனை ஸ்டேஷன் வரைக்குமா வந்துச்சி?"

"வாசனை எங்கக்கா வருது? நீ கொல்லையில குந்திக்கினு கருவாடு கழுவினியே, அதைப் பாத்தேன். பூனை ஒண்ணைக் கவ்விக்கினு ஓடிச்சி, நீ வெளக்குமாத்தைத் தூக்கிக்கினு தொரத்தின. ஐயோ, ஸ்டேஷனே வயித்தைப் புடிச்சிக்கினு சிரிச்சிது போ."

நானும் சிரிச்சேன். சிரிச்சிக்கினே உள்ள போயி ஒலை வெச்சேன். அரிசியைக் களையும்போதுதான் மண்டையில உறைச்சிது. நான் கொல்லையில குந்தினா ஸ்டேஷன்ல எப்பிடித் தெரியும்?

அரிசியை அப்பிடியே போட்டுட்டுக் கொல்லைக்கு ஓடினேன். அண்ணாந்து பாத்தேன். அடப்பாவிங்களா! ரோட்டைப் பாக்க வெச்ச கேமரா ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கினு, எங்க கொல்லையைக் குனிஞ்சி பாத்துக்கினு நிக்குது. அதுக்கு நேர் கீழ நான் குளிக்கற எடம்.

குளிக்கற எடம்னா பெருசா ஒண்ணும் இல்ல. நாலு பக்கமும் கீத்துத் தட்டி, மேல ஆகாசம், ஒரு மோட்டார் பைப்பு, ஒரு தொவைக்கற கல்லு. வூட்டுக்குள்ள பாத்ரூம் ஒண்ணு கீது, ஆனா முழங்கை சுவத்துல இடிக்காம முதுகுக்கு சோப்பு போட முடியாது. கல்யாணம் ஆயி வந்ததுல இருந்து எனக்குக் கொல்லைதான். வெயிலு முதுகுல பட, கரும்புக் காத்து அடிக்க, தண்ணியை மொண்டு மொண்டு ஊத்திக்கினு வாய்க்கு வந்ததைப் பாடுவேன். அந்தக் கொஞ்ச நேரம் நான் யாருக்கும் பொண்டாட்டி இல்ல, யாருக்கும் அம்மா இல்ல, எவனுக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல. அந்த எடத்தை எவனோ ஒருத்தன் மேல இருந்து பாத்துக்கினு இருந்திருக்கான். எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சி. அழுகையும் வந்துச்சி, கோவமும் வந்துச்சி. ரெண்டும் சண்டை போட்டு கோவம் ஜெயிச்சிது.

எங்க வூட்டுக்காரர் அரங்கநாதன்கிட்ட போயி சொன்னேன். அவரு கரும்பு வெட்டு ஆளுங்ககிட்டயே குரலை உசத்த மாட்டாரு, கவர்மெண்டுன்னா கேக்கவே வேணாம். தோளுல இருக்கற துண்டு தானா இடுப்புக்கு வந்துடும்.

"நமக்கெதுக்கு வம்பு? பேசாம பாத்ரூம்ல குளி"ன்னாரு. "தப்பு பண்ணாதவங்களுக்கு இன்னா பயம்?"

"ஓகோ. தப்பு பண்ணாதவ கொல்லையில குளிக்கக் கூடாதோ?"

"நீ எதுக்கெடுத்தாலும் சண்டைக்கு வர. பாத்துட்டுப் போவட்டுமே. எங்கிட்ட மறைக்க இன்னா கீது? தொறந்து கெடக்கற மனுஷன் நான்."

தொறந்து கெடக்கற மனுஷனோட கதவு மறுநாளே ஒடைஞ்சிது. ஏட்டு வந்தாரு, இவரைப் பாத்தாரு, நல்ல மனசோட சொன்னாரு: "அண்ணே, வைக்கப்போருக்குப் பின்னால குந்திக்கினு பீடி புடிக்கறயே, நெருப்பு கிருப்பு பட்டுடப் போவுது. ஸ்க்ரீன்ல பாக்கும்போது எனக்கே பக்குன்னுது."

பீடியை வுட்டுட்டேன்னு வில்லியனூர் தேர் வடத்தைத் தொட்டு சத்தியம் பண்ண மனுஷன்! அன்னைக்கு நான் கத்தின கத்துல கேமராவுக்குக் காது இருந்திருந்தா அதுவும் தலையைத் திருப்பியிருக்கும். கத்தி முடிச்சி, தண்ணி குடிச்சி, மூச்சு வாங்கும்போதுதான் எனக்கு இன்னொண்ணு தோணிச்சி. என் புருஷன் பீடி புடிக்கறானான்னு கண்டுபுடிக்கற வேலை என்னோடது. தாலி கட்டின அன்னைக்கே எனக்கு வந்துடுச்சி. அந்த வேலையைப் பாக்க கவர்மெண்டுக்கு யாரு அதிகாரம் குடுத்தது? வைக்கப்போருக்குப் பின்னால ஒரு மனுஷன் ஒளிஞ்சிக்கினா, அது அவனுக்கும் அவன் பொண்டாட்டிக்கும் நடுவுல இருக்கற சமாச்சாரம்.

அதை அவருகிட்டயே சொன்னேன். அவரு மூஞ்சியில அப்பிடி ஒரு வெளிச்சம். "அதான் லட்சுமி நானும் சொல்றேன்! இதை வுடக் கூடாது. உரிமைப் பிரச்சினை இது!"ன்னாரு. நேத்து வரைக்கும் எங்க இருந்துச்சோ அந்த உரிமை.

ஆரோக்கியத்தையும் கூட்டிக்கினு ஸ்டேஷனுக்குப் போனோம். ஆரோக்கியம் வூடு எங்க கொல்லைக்குப் பின்னால, வாய்க்காலுக்கு அந்தாண்ட. அரியூர் மெடிக்கல் காலேஜ்ல வார்டு வேலை பாக்கறா. டூட்டி முடிச்சி வந்து அவளும் தன் கொல்லையிலதான் தலைக்கு ஊத்திக்குவா. கேமரா கொஞ்சம் தலையைத் தூக்கினா அவ கொல்லையும் போச்சி. விஷயத்தைக் கேட்டதும், "வா யக்கா, இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடலாம்"னு எனக்கு முன்னால நடந்தா.

எஸ்.ஐ. சார் நாற்காலி போடச் சொன்னாரு. மரியாதைக்குக் கொறைச்சல் இல்ல.

"அம்மா, திருடனுங்க கரும்புக்குள்ள பூந்து ஓடறானுங்க. அதான் அந்தப் பக்கம் திருப்பியிருக்கோம். எல்லாம் உங்க பாதுகாப்புக்குத்தான்."

"சார், எங்க கொல்லையை டிவியில கொஞ்சம் காட்டுங்க."

அவரு யோசிச்சாரு. பின்னால ஏட்டு ஸ்க்ரீனுக்கு முன்னால வந்து மறைச்சி நின்னாரு. ஆரோக்கியம் அவரை ஒரு கையால நவுத்தினா. பாத்தேன். டிவி முழுக்க எங்க கொல்லை. கரும்பு எங்கயோ ஓரத்துல பச்சையா ஒரு கீத்துதான் தெரியுது. நடுவுல, கொடியில, என் உள்பாவாடை காத்துல உப்பிக்கினு ஆடுது. டிவிக்கு முன்னால ரெண்டு போலீஸ்காரங்க குந்திக்கினு பொட்டுக்கடலை தின்னுக்கினு இருக்காங்க. எனக்கு அங்கயே பூமி பொளந்து உள்ள வாங்கிக்கக் கூடாதான்னு ஆயிடுச்சி.

"கேமராவை ரோட்டுக்குத் திருப்புங்க சார்"ன்னேன். எனக்கே என் குரலு புதுசா இருந்துச்சி.

"அது என் கையில இல்லம்மா, மேலிடம். நீங்க ஒண்ணு பண்ணுங்களேன், குளிக்கற எடத்துக்கு மேல ஒரு கூரை போட்டுக்கங்க."

"உங்க தலையை நீங்க திருப்பிக்க மாட்டீங்க, அதுக்கு நான் கூரை போடணுமா?"

"பொது நன்மைக்காகக் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்மா"ன்னு சிரிச்சாரு. அந்தச் சிரிப்புலதான் எனக்கு அவரு மேல இருந்த மரியாதை மொத்தமும் போச்சி.

கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ்ல மாசாமாசம் குறை கேக்கற கூட்டம் நடக்கும். ஆரோக்கியத்தோட அங்க போயி சொன்னேன். பெரிய அதிகாரி ஒரு அம்மா, மூக்குக் கண்ணாடிக்கு மேலால பாக்கற அம்மா. நான் சொன்னதைக் கேட்டுட்டு எஸ்.ஐ. பக்கம் திரும்பினாங்க. "பொது ரோட்டை மட்டும்தான் பாக்கணும்னு ரூல் இருக்கு. யார் வூட்டையாவது பாக்குதா?"

எஸ்.ஐ. சாரு எழுந்து நின்னாரு. அத்தனை பேரு முன்னால, கண்ணு கூட இமைக்காம சொன்னாரு: "ரோடு மட்டும்தான் மேடம் தெரியும். யாரோட கொல்லையும் தெரியாது. இந்தம்மாவுக்கு வயசாயிடுச்சி, கண்ணு சரியாத் தெரியாம எதையோ பாத்துட்டு பயப்படறாங்க."

வயசாயிடுச்சா? போன ஐப்பசியிலதான் எனக்கு அம்பது முடிஞ்சிது! இன்னைக்கும் ஊசியில நூல் கோக்க நான் எவனையும் கூப்புட்டதில்ல. வாயைத் தொறக்கறதுக்குள்ள அடுத்த ஆளைக் கூப்புட்டுட்டாங்க. ஸ்பீக்கருக்கு அன்னைக்குத்தான் மொதமொதல்ல கரண்ட் போச்சி.

வர்ற வழியெல்லாம் ஆரோக்கியம்தான் பேசிக்கினு வந்தா.

"யக்கா, என் வூட்டுக்கு மேல்தளம் போடும்போது, ஒரு பக்கம் சிலுவை, இன்னொரு பக்கம் மூஞ்சி வரைஞ்ச பூசணிக்கா கட்டியிருந்தேன். ஃபாதர் பாத்துட்டு, இன்னாம்மா இதுன்னாரு. மாதா கோவிச்சிக்க மாட்டாங்க ஃபாதர், ஊர்க்காரன் கண்ணு பொல்லாததுன்னேன். சிரிச்சிட்டுப் போயிட்டாரு. கட்டடம் நடக்கற எடத்துல திருஷ்டி பொம்மை கட்டினா எவனும் கேக்க முடியாது."

"என் வூட்ல கட்டடம் எங்கடி நடக்குது?"

"நடத்து"ன்னா.

நடு ரோட்டுல நின்னு அவளைக் கட்டிப் புடிச்சிக்கினேன்.

மறுநாளே கொல்லையில செங்கல் எறங்கிச்சி. குளிக்கற எடத்துக்கு சுவரு. மண்ணைக் கிளறி ஒரு வரிசை கல்லு வெச்சோம். வேலை ஆரம்பிச்சாச்சி, இனிமே பொம்மை இல்லாம எப்பிடி? எங்க வூட்டுக்காரரோட பழைய பேண்ட்டு சட்டையில வைக்கலைத் திணிச்சோம். தலைக்கு ஒரு மண்பானை. சுண்ணாம்பு அடிச்சி, கரியால கண்ணு, செவப்புல நாக்கு. மீசையை ஆரோக்கியம் வரைஞ்சா. அவ கை நடுங்கிச்சோ இன்னாவோ, மீசை மெல்லிசா, பென்சில்ல கோடு இழுத்த மாதிரி வந்துடுச்சி. "அழிச்சிடவா யக்கா?"ன்னா. "இருக்கட்டும் வுடு"ன்னேன்.

வேலிக்கு உள்ள, எங்க மண்ணுல, உசரமா ஒரு மூங்கிலை நட்டு பொம்மையை மேல ஏத்தினோம். கம்பத்தைத் தொடல. கேமரா ரோட்டைப் பாத்துச்சின்னா பொம்மை அதுக்கு முதுகுப் பக்கம், ஒரு தொந்தரவும் இல்ல. கொல்லையைத் திரும்பிப் பாத்தாத்தான் மூஞ்சிக்கு மூஞ்சி. நான் அண்ணாந்து பாத்தேன். பொம்மை நாக்கைத் தள்ளிக்கினு கேமராவையே மொறைச்சிக்கினு இருந்துச்சி. மனசுக்குக் குளுகுளுன்னு இருந்துச்சி.

கட்டடம் முடிஞ்சாத்தான் பொம்மையை எறக்குவாங்க, அதான வழக்கம்? அதனால கட்டடம் முடியவே கூடாது. தினம் ஒரு கல்லு. அந்த வேலையை எங்க வூட்டுக்காரர்கிட்ட குடுத்தேன். காலைல எழுந்து, பல்லு தேய்ச்சி, கலவையைக் கொழைச்சி, ஒரே ஒரு கல்லு வெப்பாரு. வெச்சிட்டு இடுப்பைப் புடிச்சிக்கினு, அணைக்கட்டு கட்டின இன்ஜினியர் மாதிரி தள்ளி நின்னு பாப்பாரு. அப்புறம் அந்தச் சுவத்துக்குப் பின்னாலயே குந்தி ஒரு பீடி. நான் பாக்காத மாதிரி வுட்டுடுவேன். ஒரு பீடிக்கு மேல போனா மட்டும் இருமுவேன், அவருக்குப் புரிஞ்சிடும்.

ரெண்டு நாள்ல ஜீப்பு வந்துச்சி. எஸ்.ஐ., ஏட்டு விஜயராஜ், கூட தமிழ்க்குமரன்னு ஒரு கான்ஸ்டபிள். ஊரே வேலி ஓரம் கூடிடுச்சி. எங்க வூட்டுக்காரரு துண்டை இடுப்புக்கு எறக்கினாரு, என்னைப் பாத்தாரு, மறுபடி தோளுல போட்டுக்கினாரு. அந்த ஒரு காரியத்துக்காகவே அவரோட பீடியை மன்னிச்சேன்.

"என்னம்மா இது?"

"திருஷ்டி பொம்மை சார். கட்டடம் நடக்குது."

"பில்டிங் பர்மிஷன் இருக்கா?"

"தினம் ஒரு கல்லு வெக்கறேன் சார். ஒரு கல்லுக்கு எங்க போயி பர்மிஷன் வாங்கறது, நீங்களே சொல்லுங்க."

எஸ்.ஐ. பொம்மையை அண்ணாந்து பாத்தாரு. மீசையைப் பாத்தாரு. அவரு கை தானாப் போயி அவரு மீசையைத் தடவிச்சி. வேலி ஓரத்துல யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க.

"ஏட்டு, அதை எறக்குங்க!"

ஏட்டு ஒரு அடி முன்னால வெச்சாரு, ரெண்டு அடி பின்னால வந்தாரு. "சார், அடுத்தவங்க திருஷ்டியை எறக்கினா அது எறக்கினவன் தலையில எறங்கும் சார். மூலக்குளத்துல நேத்துதான் கான்கிரீட் போட்டிருக்கேன். இன்னும் தண்ணி கூட கட்டல சார்."

"தமிழ்க்குமரன்!"

தமிழ்க்குமரன் அட்டென்ஷன்ல நின்னான். "சார், வர்ற தைல எனக்குக் கல்யாணம் சார். இது ஏற்கெனவே ரெண்டு எடம் தட்டிப் போயி மூணாவதா அமைஞ்சது சார். வேற எது சொன்னாலும் செய்யறேன் சார்."

"மூடநம்பிக்கை! படிச்சவங்கதானே நீங்க?"ன்னு கத்திட்டு எஸ்.ஐ. தானே மூங்கிலைப் புடிச்சாரு. ஏட்டு மெதுவா அவரு காதுகிட்ட போயி, "சார், புதுக் கார் புக் பண்ணியிருக்கீங்களே, டெலிவரி எப்ப சார்?"ன்னாரு. ரகசியமாத்தான் கேட்டாரு. ஆனா எங்க எல்லாருக்கும் கேட்டுச்சி.

மூங்கிலைப் புடிச்ச கை தானா வுட்டுச்சி. எஸ்.ஐ. பாக்கெட்டுல இருந்து கைக்குட்டையை எடுத்து நல்லாத் தொடைச்சிக்கினாரு. "சரி, இதை சட்டப்படி பாத்துக்கறேன்"ன்னாரு. பொம்மையைத் தொட பயந்துக்கினு சட்டத்தைக் கூப்புட்ட மனுஷனை நான் அன்னைக்குத்தான் பாத்தேன்.

சிரிச்சோமே தவிர, எனக்கு உள்ளுக்குள்ள பயம்தான். அரசாங்க வேலைக்கு எடைஞ்சல்னு கேஸ் போடுவேன், உள்ள கூட வெப்பாங்கன்னு எஸ்.ஐ. ஆளு வுட்டு சொல்லி அனுப்பினாரு. எங்க வூட்டுக்காரரு சோறு எறங்காம குந்திக்கினு இருந்தாரு. "எறக்கிடலாமா லட்சுமி?"ன்னு ஒரு தடவை கேட்டாரு. நான் கொல்லைக்குப் போயி, தட்டிக்குள்ள நின்னு, பொம்மையைப் பாத்துக்கினே குளிச்சேன். பாட்டு மட்டும் வரல. போவட்டும், ஜெயிலுக்குப் போனாலும் குளிச்சிட்டுப் போன மாதிரி இருக்கும்னு நெனைச்சிக்கினேன்.

அடுத்த குறை கேக்கற கூட்டத்துல எஸ்.ஐ. சாரே என் மேல புகார் கொண்டாந்தாரு. அதே ஆபீஸ், அதே அதிகாரி அம்மா, அதே மூக்குக் கண்ணாடி. எங்க ஊரு ஜனம் பாதி பேரு வாசல்ல.

"மேடம், இந்தம்மா அரசாங்க கேமராவை மறைச்சி ஒரு பொம்மை கட்டியிருக்காங்க. கேமராவுல ஒண்ணுமே தெரியல. ஸ்க்ரீன் முழுக்க அந்தப் பொம்மை மூஞ்சிதான்."

"ரோட்டுல கட்டியிருக்காங்களா?"

"இல்ல மேடம். அவங்க கொல்லையில."

"கேமரா கம்பத்துல?"

"இல்ல மேடம். தனியா மூங்கில் நட்டு, வேலிக்கு உள்ள."

அதிகாரி அம்மா பேனாவை மூடி வெச்சாங்க. அட, இந்த மனுஷன் தன் வாயாலயே சொல்லிட்டாரே! போன கூட்டத்துல போன கரண்ட் மொத்தமா ஒரே நேரத்துல எனக்கு வந்துடுச்சி.

"சார்"ன்னேன். சுவரு அதிர்ந்துச்சி. "எனக்கு ஒரு சந்தேகம். போன கூட்டத்துல இதே எடத்துல நின்னுக்கினு, ரோடு மட்டும்தான் தெரியும், யாரு கொல்லையும் தெரியாதுன்னு சொன்னது நீங்கதானே? எனக்கு வயசாயிடுச்சி, கண்ணு தெரியலன்னீங்க. சரி, ஒத்துக்கினேன். இப்ப என் கொல்லையில நிக்கற பொம்மை ரோட்டைப் பாக்கற கேமராவுல எப்பிடி சார் தெரியுது? உங்க கேமராவுக்கும் வயசாயிடுச்சா?"

வாசல்ல ஆரோக்கியம் கை தட்டினா. அப்புறம் எல்லாரும் தட்டினாங்க. எஸ்.ஐ. அவசரமா பின்னால நின்ன ஏட்டைத் திரும்பிப் பாத்தாரு.

"ஏட்டு, நீங்க சொல்லுங்க"ன்னாங்க அதிகாரி அம்மா. "கொல்லை தெரியுமா, தெரியாதா?"

விஜயராஜ் எஸ்.ஐ.யைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. மேல ஓடற ஃபேனைப் பாத்தாரு. பாவம், அவரு வேலை, அவரு வூட்டுக் கடன், எல்லாம் அந்த ஒரு வார்த்தையில தொங்குது.

"தெரியும் மேடம்"ன்னாரு. "கருவாடு கழுவினது வரைக்கும் தெரியும்."

அதிகாரி அம்மா சிரிக்கல. கண்ணாடியைக் கழட்டி வெச்சிட்டு எஸ்.ஐ.யைப் பாத்தாங்க. "சார், திருடனைப் புடிக்கத்தான் உங்களுக்குக் கேமரா குடுத்திருக்கு. இந்தம்மா குளிக்கற எடத்தை எட்டிப் பாக்க யாரும் உங்களுக்கு உத்தரவு குடுக்கல. குடுக்கவும் முடியாது." அவ்வளவுதான். ஒரு வரியில சொல்லிட்டாங்க. நான் ஊரைக் கூட்டி, பொம்மை கட்டி, தூக்கம் கெட்டுச் சொன்னது அந்த ஒரு வரிதான். எனக்குப் பொலபொலன்னு கண்ணுல தண்ணி வந்துடுச்சி. எங்க வூட்டுக்காரரு தோளுல இருந்த துண்டை எடுத்து என்கிட்ட குடுத்தாரு.

கேமராவை அன்னைக்கே ரோட்டுக்குத் திருப்பணும், திரும்பாத மாதிரி ஸ்க்ரூ போட்டு முறுக்கணும், ஊர்க்காரங்க யாரு எப்ப வந்து கேட்டாலும் கேமராவுல இன்னா தெரியுதுன்னு ஸ்டேஷன்ல காட்டணும்னு உத்தரவு. ஸ்க்ரூ முறுக்கற வரைக்கும் நான் கம்பத்துக்குக் கீழயே நாற்காலி போட்டுக் குந்திக்கினு இருந்தேன். இந்தத் தடவை மோர் குடுக்கல.

கேமரா ரோட்டைப் பாக்க ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே பைக் திருடன் மாட்டிக்கினான். பாவி, அவன் கரும்புக்குள்ளயே பூந்ததில்லையாம். நேரா தார் ரோட்டுலதான் ஜாலியா ஓட்டிக்கினு போயிருக்கான். எஸ்.ஐ. சாரு பேப்பர்ல ஃபோட்டோ வந்ததை வூட்டுக்கு வந்து காட்டினாரு. நல்லா இருக்கு சார்ன்னேன். அவரு போகும்போது பொம்மையைத் திரும்பித் திரும்பிப் பாத்துக்கினே போனாரு. ஏட்டுக்குத்தான் உண்மையைச் சொன்னதுக்கு தண்டனை. மூலக்குளத்துல டிராஃபிக் பாக்கற டூட்டி, நட்ட நடு வெயில்ல. எனக்கு மனசு கேக்கல, போயி பாத்தேன். "வுடுக்கா, வூட்டுக்குப் பக்கத்துல போட்டுட்டானுங்க. மத்தியானம் போயி சுவத்துப் பூச்சுக்குத் தண்ணி ஊத்திட்டு வரேன்"ன்னு பல்லைக் காட்டினாரு.

இப்ப நான் பழையபடி கொல்லையிலதான் குளிக்கறேன். பாட்டும் வந்துடுச்சி. போன வாரம் ஒரு நாள் காலைல தலைக்குத் தண்ணி ஊத்திக்கினு உச்சத்துல பாடிக்கினு இருக்கேன், வேலிக்கு அந்தாண்ட ரோட்டுல வண்டி நிக்கற சத்தம்.

"யக்கா! இன்னைக்குக் கருவாட்டுக் கொழம்பா?"

பாட்டு தொண்டையிலயே நின்னு போச்சி. சொம்பு கையை வுட்டு நழுவிச்சி. "டேய் விஜயராஜு! உனக்கு எப்பிடிடா தெரியும்?"

"அய்யய்யோ, நான் எதையும் பாக்கலக்கா! அடுப்புல கொதிக்குது, தெருமுனை வரைக்கும் மணக்குது! மூக்கையுமா மூடிக்கினு போவணும்?"

தட்டிக்கு மேலால எட்டிக் கம்பத்தைப் பாத்தேன். கேமரா எனக்கு முதுகைக் காட்டிக்கினு, ஒழுங்கா ரோட்டைப் பாத்துக்கினு இருந்துச்சி. சரி, மோந்துக்கினு போவட்டும்னு வுட்டேன். துணி மாத்திக்கினு வந்து அவருக்கு ஒரு கிண்ணம் கொழம்பும் ஊத்திக் குடுத்தேன். நக்கி நக்கித் தின்னாரு.

தின்னு முடிச்சி கை கழுவும்போது கேட்டாரு. "அதான் திரும்பிடிச்சேக்கா, பொம்மையை எறக்கிட வேண்டியதுதான?"

"ஸ்க்ரூ போட்டது யாரு?"

"கவர்மெண்டு."

"கழட்டத் தெரிஞ்சவங்களும் அவங்கதான?"ன்னேன். அப்பிடியே கொல்லைப் பக்கம் திரும்பி குரல் குடுத்தேன். "யோவ், பீடி புடிச்சது போதும். இன்னைக்குக் கல்லு இன்னும் வெக்கல, எழுந்து வா!"